‘இல்லை’ என்று எழுதும் முன்: இணைவு மரபணுச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, போன வாரம் ஓர் அறிக்கையை நீட்டினாள். “ஃபிலடெல்பியா இணைவு இல்லை. கையெழுத்துப் போடுங்கள், அக்கா” என்றாள். இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டும்போது உண்டாகும் கலப்பு மரபணுதான் இணைவு மரபணு; ஃபிலடெல்பியா இணைவு ரத்தப் புற்றுநோயில் காணப்படும் ஒன்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 11 ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே வரி.

பெயர் ஒட்டாத குழாய், தவறிய பதிவு எண் ஆகியவற்றை இங்கே நான் தொடவில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

குழாய்

குரோமோசோம்களைப் பார்க்கச் செல்களை வளர்ப்பதற்கு ஹெபாரின் குழாய். மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனைக்கு ஈடிடிஏ குழாய். இரண்டும் ரத்தம் உறையாமல் தடுப்பவை. மாறிப்போனால் மஜ்ஜை எடுக்க நோயாளியின் இடுப்பெலும்பில் மறுபடியும் ஊசி இறங்கும்.

பி210 வகையை மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்பது

அன்று வந்தது ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியின் மஜ்ஜை. நோய், தீவிர லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். திரையில் ஒப்பீட்டு மரபணுவின் கோடு அழகாக ஏறியது. இணைவு மரபணுவின் கோடு அடியிலேயே படுத்துக் கிடந்தது. சோதனை சரியாக நடந்திருக்கிறது, இணைவு இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

ஃபிலடெல்பியா இணைவில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை மரபியல் ஆய்வாளர் ஜேனட் ரவுலி 1973இல் காட்டினார். ஆனால் 22இல் முறிவு எப்போதும் ஒரே இடத்தில் விழுவதில்லை. நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவில் பெரும்பாலும் மரபணுவின் 13 அல்லது 14ஆம் எக்ஸானுக்குப் (குறியீட்டுப் பகுதிக்கு) பின் முறிந்து பி210 புரதம் உண்டாகிறது. பெரியவர்களின் லிம்போபிளாஸ்டிக் வகையிலோ முதல் எக்ஸானுக்குப் பின்னேயே முறிந்து பி190 உண்டாவதுதான் அதிகம். பிசிஆரில் மரபணுவைப் பிடிக்கும் சிறு துண்டான எங்கள் பிரைமர் உட்காரும் இடம் 13ஆம் எக்ஸான். பி190இல் அந்தப் பகுதியே கிடையாது. பிரைமர் எதைப் பிடிக்கும்?

இரண்டு வாரம் கழித்து வந்த கேரியோடைப்பில் (குரோமோசோம்களின் படத்தில்) அந்தக் குட்டையான 22 கண்ணெதிரே நின்றது. அந்த இரண்டு வாரமும் இந்த இணைவைக் குறிவைக்கும் மருந்தான இமாடினிப் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. மருத்துவர் என் வரியை நம்பியிருந்தார். நம்பாமல் வேறென்ன செய்வார்?

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்: ‘பி210 காணப்படவில்லை, பி190 சோதிக்கப்படவில்லை’ என்று எழுத அரை நிமிடம் போதும். நோய் கண்டறியும் நாளிலேயே எந்த வகை என்று குறித்துவைக்காவிட்டால் பின்னால் இன்னொரு கேடு. சிகிச்சைக்குப் பின் தவறான வகையைத் தேடுவோம், பூஜ்யம் வரும், நோய் அடங்கிவிட்டது என்று குடும்பமே நிம்மதியடையும்.

அந்தப் பெண்ணிடம் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தேன். பி190 பிரைமரோடு மறுபடி ஓட்டினாள். பெருக்கலின் பதினெட்டாவது சுற்றிலேயே கோடு எழுந்தது. நாற்காலியை என் பக்கம் திருப்பியவள், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கேரியோடைப் இயல்பு என்றால் இணைவு இல்லை என்பது

குழந்தைகளிடம் 12க்கும் 21க்கும் நடக்கும் இடமாற்றம் நுண்ணோக்கியில் தெரியாது. மாறும் நுனித் துண்டுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஃபிஷ் (ஒளிரும் துண்டுகளால் குரோமோசோமில் மரபணுவைத் தேடும் சோதனை) அல்லது பிசிஆர் செய்தே ஆக வேண்டும்.

15–17 இணைவின் முடிவை அச்சிட்டு அனுப்பக் காத்திருப்பது

தொலைபேசியை எடுங்கள். 15ஆம், 17ஆம் குரோமோசோம்களின் இணைவால் வரும் புரோமைலோசைட்டிக் லுக்கேமியாவில் முதல் சில நாள்களிலேயே மூளையில் ரத்தம் கசிந்து உயிர் போகலாம். சந்தேகம் எழுந்ததுமே மருத்துவர் அந்த நோய்க்கான ஏடிஆர்ஏ மருந்தைத் தொடங்குவார். அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவர் அறிய வேண்டியது அன்றைக்கே.

பழைய அறிக்கையைப் படியெடுத்து எண்ணை மாற்றுவது

கூடாது.