பழைய ரவுட்டரை மாடிக்கு ஏற்றுவோம்

எங்கள் வீட்டில் ஃபைபர் நெட் ரவுட்டர் கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடி அறையில் வைஃபை ஒரு கோடுதான் காட்டும். நடுவில் கான்கிரீட் தளம், அதற்குள் கம்பி. சிக்னல் எப்படி ஏறும்? ரிப்பீட்டர் வாங்கச் சொன்னார்கள். சாதாரண ரிப்பீட்டர் எந்த அலைவரிசையில் வாங்குகிறதோ அதிலேயே திருப்பி அனுப்பும். வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பரணில் ஒரு பழைய ரவுட்டர் சும்மா கிடந்தது. அதையே அக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி, ஆக்கிவிட்டேன். கூடத் தேவைப்பட்டது ஒரு லேப்டாப்பும், மாடிப்படி ஓரமாக இழுத்த கேட்6 கேபிளும்தான். கேபிள் 100 மீட்டர் வரை போகலாம், வீட்டுக்கு அது தாராளம்.

முதல் தடவை எதையும் மாற்றாமல் நேராகக் கேபிளைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து "நெட் வரலை" என்று குரல். காரணம் டிஹெச்சிபி. வீட்டில் இணைகிற ஒவ்வொரு போனுக்கும் "உன் நம்பர் இது, வெளியே போகும் வழி இது" என்று சொல்லும் வேலை அதனுடையது. ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் அந்த வேலையைச் செய்தால், யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் பேச்சைத்தான் போன் கேட்கும். பழைய ரவுட்டர் முந்திக்கொண்டு "என் வழியாகப் போ" என்றது. அதற்கோ வெளியே போக வழியே இல்லை. அதனால் செட்டிங் எல்லாம் முடித்த பிறகுதான் கேபிள்.

முதலில் கீழே உள்ள ரவுட்டரின் முகவரியைப் பாருங்கள். போனில் வைஃபை விவரங்களைத் திறந்தால் 'கேட்வே' என்று இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அந்த ரவுட்டருக்குள் நுழைந்து, டிஹெச்சிபி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, முகவரியின் கடைசி எண் 100 முதல் 199 வரை.

அடுத்து பழைய ரவுட்டர். பின்னால் உள்ள ரீசெட் ஓட்டையில் ஒரு குண்டூசியை விட்டு, விளக்குகள் எல்லாம் ஒருமுறை மின்னும்வரை அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரின் லேன் துளையில் (வீட்டுக் கருவிகளை மாட்டும் துளை) கேபிள் மாட்டி, அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டும் அங்கேயே இருக்கும். உள்ளே போனதும் அந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். மெனுவில் 'அக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒன்று இருந்தால் உங்களுக்கு யோகம். அதைத் தேர்ந்தெடுத்தால் டிஹெச்சிபி தலைவலியை அதுவே பார்த்துக்கொள்ளும். வைஃபை பக்கத்தை மட்டும் நிரப்பினால் போதும்.

வைஃபை பக்கத்தில் பெயரை இப்போதைக்கு 'மாடி' என்று வையுங்கள். சோதிக்கும்போது எதில் இணைந்திருக்கிறோம் என்று குழம்பாது. பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2, அதில் குறியாக்க முறை ஏஇஎஸ். டிகேஐபி என்றால் தொடாதீர்கள். பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. பாஸ்வேர்டு அடிக்காமலேயே பட்டனாலோ பின் எண்ணாலோ இணைய உதவும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண்ணைப் பாதி பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்று 2011லேயே தெரிந்துவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. கீழே 1 என்றால் மாடிக்கு 6 அல்லது 11. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

அக்சஸ் பாயின்ட் மோட் இல்லையென்றால், அப்புறம் லேன் பக்கத்தில் ஐபி முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழே உள்ளது 192.168.0.1 என்றால் 192.168.0.2. முதல் மூன்று எண்கள் கீழே உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும், கடைசி எண் அந்த 100–199 எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். சேமித்ததும் பக்கம் செத்துப்போன மாதிரி நிற்கும், பயப்படாதீர்கள். கேபிளைக் கழற்றி மாட்டி, புது முகவரியில் திரும்ப நுழையுங்கள். இப்போது டிஹெச்சிபியை அணையுங்கள். இதைக் கடைசியில் செய்யச் சொல்வதற்குக் காரணம், அதற்குப் பிறகு உங்கள் லேப்டாப்புக்கே நம்பர் கொடுக்க ஆள் இருக்காது.

இப்போது மாடிக் கேபிளை மாட்டலாம். கீழே ஒரு லேன் துளை, மேலேயும் லேன் துளை. வெளி இணைப்புக்கான, தனி நிறத்தில் இருக்கும் வேன் துளை காலியாகவே இருக்கட்டும். பழக்க தோஷத்தில் பலரும் அதில்தான் செருகுவார்கள். போனில் 'மாடி'யைப் பிடித்துப் பாருங்கள். கேட்வே 192.168.1.1 என்று காட்டி, நெட்டும் வந்தால் சரி.

வேலை செய்தால், 'மாடி' என்ற பெயரை எடுத்துவிட்டு கீழே உள்ள அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பாதுகாப்பு வகை வையுங்கள். போன் தானாக மாறிக்கொள்ளும். சில போன்கள் கீழ் ரவுட்டரையே பிடித்துத் தொங்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

கடைசியாக, மாடி ரவுட்டரின் அடியில் உள்ள பழைய முகவரி இனி வேலைக்கு ஆகாது. 192.168.1.2 என்று ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி அதன் மேல் ஒட்டிவிடுங்கள்.