இமயமலை ட்ரெக்: சென்னையிலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமயமலை ட்ரெக் கெட்டுப்போவது பெரும்பாலும் சென்னையில்தான், லீவ் கணக்குப் போடும் நாளில். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து மீனம்பாக்கம், சனிக்கிழமை காலை டெல்லி வழியாக லடாக்கின் லே, ஞாயிற்றுக்கிழமை கர்துங் லா கணவாய், திங்கள் முதல் நடை என்று ஒரு திட்டம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். ஒரு நாள்கூட வீணாகவில்லை என்று எல்லோருக்கும் திருப்தி. சென்னை கடல் மட்டத்திலிருந்து ஏழெட்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே 3,500 மீட்டர். கர்துங் லா 5,300 மீட்டருக்கும் மேல். "ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போய்ப் பழக்கம்தான்" என்பது இங்கே செல்லாது. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் வரும் உயர நோய் பொதுவாகத் தலைகாட்டுவதே 2,500 மீட்டருக்கு மேல்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவிலும் மலையுச்சியிலும் ஒன்றுதான், 21 சதவீதம். குறைவது காற்றழுத்தம். லேயில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் உயரமான 5,364 மீட்டரில் பாதிதான். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு வேகமாகும், அதனால் ரத்தத்தில் காரத்தன்மை கூடும், அதைச் சிறுநீரகம் சரிசெய்யும். இந்த வேலைக்கு நாட்கள் தேவை. இரண்டு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொல்லிச் சிறுநீரகத்தை மிரட்ட முடியாது.

3,000 மீட்டருக்கு மேல் போனபின், இன்று இரவு தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாத நாள் ஒன்று வேண்டும். கணக்கில் வருவது தூங்கும் உயரம்தான். பகலில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டு இறங்கி வந்து படுப்பது நல்லதே. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையில் நாம்சே பஜாரில் (3,440 மீ.) இரண்டு இரவும், டிங்போச்சேயில் (4,410 மீ.) இரண்டு இரவும் வைப்பது இதற்காகத்தான். திட்டத்தில் அந்த நாட்களுக்கு நேரே "ஓய்வு" என்று எழுதியிருக்கும். லீவ் போதவில்லை என்றதும் எல்லோரும் முதலில் வெட்டுவது அந்த இரண்டு நாளைத்தான். லீவ் இல்லையென்றால் வெட்ட வேண்டியது மலையை. கேதார்கந்தா (சுமார் 3,800 மீ.) போல உயரம் குறைந்த ட்ரெக்கை எடுங்கள், பத்து நாள் ட்ரெக்கை எட்டாகச் சுருக்காதீர்கள்.

லேக்கு விமானத்தில் போனால் முதல் இரண்டு நாள் ஊரைவிட்டு ஏறவே கூடாது. முதல் நாள் அறையை விட்டு வெளியே வராவிட்டாலும் நஷ்டமில்லை. "ரோடு வழியாகப் போனால் தானாகப் பழகிவிடும்" என்கிறவர்கள் எந்த ரோடு என்று சொல்வதில்லை. ஸ்ரீநகர் (1,585 மீ.), கார்கில் (2,676 மீ.) வழியாகப் போனால் உண்மையிலேயே படிப்படியாக ஏறலாம். மணாலி வழியில் நிலைமை வேறு. 2,050 மீட்டரில் இருக்கும் மணாலியிலிருந்து கிளம்பி அன்றிரவே சர்ச்சூ கூடாரத்தில் படுத்தால் அது 4,290 மீட்டர். லேயைவிட உயரமான இடத்தில் முதல் இரவு! ராத்திரி வாந்தியும் தலைவலியுமாகக் கிடப்பவர்களுக்கு அந்தக் கூடாரங்களில் பஞ்சமே இல்லை. மணாலி வழிதான் வேண்டுமென்றால் ஜிஸ்பா பக்கம், 3,200 மீட்டர் அளவில், ஓர் இரவோ இரண்டோ தங்கிவிட்டுப் போங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டையும் இறங்கும் நாளுக்கே போடாதீர்கள். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடை தொடங்கும் லுக்லாவின் விமானம் வானிலையால் நிற்பது சாதாரணம். உத்தராகண்ட் ரோட்டில் மழைக்காலத்தில் மண் சரிவதும் அப்படியே. டெல்லி–சென்னை விமானத்துக்கு முன் ஒரு நாளாவது கையிருப்பு வேண்டும். அது இல்லாதவர்கள்தான் உடம்பு சரியில்லாதபோதும் "இன்னைக்கே ஏறிடலாம்" என்பார்கள்.

மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும்

உடற்தகுதி உயர நோயைத் தடுக்காது. சொல்லப்போனால் திடமான ஆட்கள் வேகமாக ஏறிவிடுவதால் முதலில் படுப்பதும் அவர்களே. பயிற்சி தேவைப்படுவது நடையைத் தாங்குவதற்கு. பெசன்ட் நகர் பீச்சில் தினம் ஐந்து கிலோமீட்டர் நடப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. சென்னையில் கைவசம் இருக்கும் மலை அடுக்குமாடிப் படிக்கட்டுதான். எட்டுப் பத்து மாடிக் கட்டடம் ஒன்றைப் பிடித்து, பையில் தண்ணீர் பாட்டில்களாக எட்டு கிலோ போட்டு, வாரம் மூன்று நாள், தடவைக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், கிளம்புவதற்கு எட்டு வாரம் முன்பிருந்தே. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும்.

ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குவதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. பழகாத தொடை இரண்டாம் நாளே இறுகிப்போய், அந்தச் சுமை முழுக்க முட்டிக்குப் போகும். படியிலேயே இறங்குங்கள்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், ரத்தசோகை இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தை உடலோடு ஒட்டி, உள் பாக்கெட்டில் வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது.

கற்பூரமும் டயாமாக்ஸும்

துணியில் கற்பூரம் முடிந்து மோந்துகொண்டே போவது யாத்திரைக் குழுக்களில் பரவலாக உண்டு. மூக்கு திறந்ததுபோல் இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. கையடக்க ஆக்சிஜன் டப்பாவும் கிட்டத்தட்ட இதே ரகம்: பத்து லிட்டர் டப்பாவை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் ஐந்தே நிமிடம். ஆறாவது நிமிடம் பழைய கதைதான்.

டயாமாக்ஸ் எனப்படும் அசிட்டஸோலமைடு உண்மையில் வேலை செய்கிற மருந்து. உடல் பழகும் வேகத்தைக் கூட்டும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி., காலை ஒன்று மாலை ஒன்று, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா வாயில் வேறு மாதிரி இருக்கும். இதையெல்லாம் முதன்முறையாகக் கூடாரத்தில் அனுபவித்துப் பயப்படாமல் இருக்க, டாக்டர் சம்மதித்தால் சென்னையிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். மாத்திரை போட்டாயிற்று, இனி எவ்வளவு வேகமாகவும் ஏறலாம் என்று நினைப்பதுதான் அதன் மிகப் பெரிய பக்கவிளைவு.

தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். இரண்டுமே தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும். உயரத்தில் தூங்கும்போது சில விநாடி மூச்சு நின்று, பிறகு நீளமாக இழுப்பது இயல்பாகவே நடக்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் பதறத் தேவையில்லை.

"ஒண்ணுமில்ல, சரியாத் தூங்கல"

உயர நோயின் முதல் அறிகுறி தலைவலி. ஏறிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வரும். கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி. வந்தவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "ஒண்ணுமில்லப்பா, சரியாத் தூங்கல." வெயில், பஸ் பயணம், சாப்பாடு என்று காரணங்கள் வரிசையாக வரும். வேறு காரணம் உறுதியாகும்வரை உயரத்தில் வரும் தலைவலியை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மட்டும் நம் ஊர்க்காரர்கள் தனியாகத் தயாராக வேண்டும்: தினம் இரண்டு மூன்று டபரா ஃபில்டர் காபி குடிக்கிறவர் திடீரென நிறுத்தினாலும் இதேபோல் தலை வலிக்கும். குழப்பத்தைத் தவிர்க்க இன்ஸ்டன்ட் காபி பாக்கெட் எடுத்துப் போங்கள். மலையில் காபியை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

லேசான அறிகுறி என்றால் அதே உயரத்தில் தங்கி, பாராசிட்டமால் போட்டு, சாப்பிட்டு, ஓய்வெடுக்க வேண்டும். அறிகுறி முழுதாகப் போன பிறகே மேலே ஏறலாம். ஒரு நாளாகியும் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் இறக்கம்தான்.

இரண்டு நிலைகளில் காத்திருக்கவே கூடாது. ஒன்று, மூளையில் நீர் கோத்துக்கொள்வது. ஆள் தள்ளாடுவார், பேச்சு குழறும், எரிந்து விழுவார். தரையில் நேர்கோடு ஒன்று போட்டு, ஒரு பாதத்தின் குதிகால் அடுத்த பாதத்தின் விரலைத் தொடுமாறு பத்தடி நடக்கச் சொல்லுங்கள். கோட்டில் நிற்க முடியவில்லை என்றால் கீழே இறக்குங்கள். இரண்டு, நுரையீரலில் நீர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும், வறட்டு இருமல் வரும், படுத்தால் கூடும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும். நிறைய பேர் இதைச் சளி, காய்ச்சல் என்று நினைத்து இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் முதல் வைத்தியம் 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்குவது. கூடவே ஒருவர் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் அடர்நிற நெயில் பாலிஷ் இருந்தாலும் தப்பாகக் காட்டும். 4,500 மீட்டரில் எண்பதுகளில் எண் வருவது சகஜம். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

பரணில் இருக்கும் ஷூ

புது ஷூ கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய ஷூ கழன்று விழும் என்பது தெரியாது. ட்ரெக்கிங் ஷூவின் நடு அடிப்பாகம் பல மாடல்களில் பாலியூரித்தேன். ஈரக்காற்று அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். சென்னையின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து வருடம் பரணில் பெட்டிக்குள் இருந்த ஷூ வெளியே புத்தம் புதிதாக இருக்கும். மலையில் இரண்டாம் நாள் அடிப்பாகம் அப்படியே பெயர்ந்து வாய் பிளக்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் எடுத்து, கட்டைவிரலால் நடு அடிப்பாகத்தை அழுத்துங்கள். பொடிந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். மழை ஜாக்கெட்டின் உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டுவதும் இதே காரணத்தால்தான்.

புதிதாக வாங்கினால் மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ட்ரெக்கில் போடப்போகும் தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கடையின் சாய்தளத்தில் கீழ்நோக்கி நிற்கும்போது விரல் முன்னால் இடிக்கக் கூடாது. இடித்தால் இறங்கும் நாளில் நகம் கறுத்துவிடும். படிக்கட்டுப் பயிற்சி முழுவதையும் அதே ஷூவில் செய்துவிடுங்கள்.

துணி விஷயத்தில் நாம் இருபது டிகிரி மார்கழிக்கே மங்கி கேப் போடுகிற ஊர்க்காரர்கள். அதனால் கிளம்பும்போதே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, அரை மணியில் வேர்த்து, நின்றதும் அந்த வேர்வையிலேயே நடுங்குவோம். கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும். தடித்த ஜாக்கெட் நிற்கும்போது போடுவதற்கு. பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேர்வையை உறிஞ்சிக் காயாமல் கிடக்கும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் மழையும் தடுக்கும் ஜாக்கெட். பனியில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். ஃபேஷன் கண்ணாடி போதாது, புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுப்பது வேண்டும்.

4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு விறைப்பாகவே நிற்கும். பசியும் குறையும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய் போல நாக்குக்குப் பழகியதைக் கொண்டுபோனால் இரண்டு வாய் கூடுதலாக இறங்கும். தண்ணீர் நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் போதும். உயர நோய்க்குப் பயந்து ஆறேழு லிட்டர் வெறும் தண்ணீர் குடித்தால் உடலில் உப்பு நீர்த்துப்போய், அதற்கும் தலைவலியும் வாந்தியும்தான் வரும்.

லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இன்ஷூரன்ஸ் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் உயர வரம்பைப் பாருங்கள். 4,000 மீட்டரோடு நின்றுவிடும் பாலிசியை வைத்துக்கொண்டு 5,364 மீட்டர் போனால் ஹெலிகாப்டர் செலவு உங்கள் தலையில்தான். ஹெலிகாப்டரை அழைக்கும் முன் கம்பெனியின் ஒப்புதல் வேண்டுமா என்றும் படியுங்கள். அவசர எண்ணையும் பாலிசி எண்ணையும் காகிதத்தில் எழுதி, ஒன்று உங்கள் பையில், ஒன்று உங்களோடு கூடாரத்தில் படுப்பவரிடம்.