வீட்டுக்குள்ள பாசேஜ் விடலாமா வேண்டாமா? பிளான் முடிவு பண்றதுக்கு முன்னாடி இதப் பாத்துக்கங்க

யாராச்சும் வீட்டு பிளானக் கொண்டாந்து காட்டுனா நான் மொதல்ல பாக்கறது பெட்ரூம், பாத்ரூம் கதவெல்லாம் எங்க தொறக்குதுன்னுதானுங்க. பாசேஜ்னா ஹால்ல இருந்து ரூமுங்களுக்குப் போக விடற நடை, அதுனாலே எடம் வேஸ்ட்டு, அத எடுத்து ஹால்ல சேத்துட்டா ஹால் பெருசாயிரும்னு நெறைய பேரு சொல்றாங்க, நாங்களும் கோபில மொத வீடு கட்டறப்ப அதக் கேட்டுத்தான் பாசேஜே இல்லாம பண்ணுனோம், ரெண்டு பெட்ரூம், பாத்ரூம், சமையக்கட்டு, பூஜை ரூம் எல்லாக் கதவும் ஹால்லயேதான் தொறக்கும்.

ஒரு வைகாசில கல்யாணப் பத்திரிக வெக்க ஒறம்பரைங்க ஆறேழு பேரு வந்தாங்க. பாப்பா அப்ப எட்டாவது, குளிக்கப் போயிருந்தா, மாத்துத் துணி ரூம்ல கட்டில் மேல கெடக்குது, பாத்ரூம் கதவத் தொறந்தா நேரா சோபா. உள்ள தண்ணிச் சத்தம் நின்னு போச்சு. இவங்க காப்பி குடிச்சு, பழமை பேசி, எந்திரிச்சுப் போக அரை மணி நேரமாச்சுங்க, அது வரைக்கும் புள்ள உள்ளயே நின்னுட்டிருந்தா. வெளிய வர்றப்ப வெரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கெடந்துச்சு, ஒரு வார்த்தை பேசாம ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. அடுத்த வீட்டுல பாசேஜ் விட்டே ஆகோணும்னு நான் அன்னைக்கே சொல்லிட்டேன்.

அதுக்காக எல்லா வீட்டுக்கும் நீளமா பாசேஜ் விடுங்கன்னு சொல்ல வரல. உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு பாக்க ஒரு வழி இருக்குது. பிளான ஜெராக்ஸ் எடுத்து பென்சில்ல கோடு போடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டில்ல இருந்து பாத்ரூம் போறது, குளிச்சுட்டு ரூமுக்கு வர்றது, தொவைச்ச துணிய பொடக்காலிக்கு, அதான் வீட்டுக்குப் பின்னாடி, எடுத்துட்டுப் போறது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு. கோடெல்லாம் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவால போச்சுன்னா உங்களுக்கு பாசேஜ் தேவைதான். அப்புறம் ஹால்ல எத்தன கதவு தொறக்குதுன்னு எண்ணுங்க, ஒரு கதவுக்கு 3 அடி சுவர் போயிருது, அஞ்சு கதவுன்னா 15 அடி சுவர் காலி, ஹால் பெருசா இருந்தும் சோபா போட சுவரே இருக்காது, எங்க மொத வீட்டுல சோபா பாதி ஜன்னலுக்கும் பாதி கதவுக்கும் முன்னாடிதான் கெடந்துச்சு.

இப்ப காசுக் கணக்கு. சதுர அடி 2,400 ரூபாய்னு வெச்சுக்கங்க, மூணரை அடி அகலத்துல 16 அடி நீளம் பாசேஜ் விட்டா 56 சதுர அடி, 1,34,400 ரூபாய் ஆகுது. அதுவே 4 அடிக்கு 5 அடி சின்னதா ஒரு நடை விட்டா 20 சதுர அடிதான், 48,000 ரூபாய். 5 அடி சுவர் ரெண்டுலயும் ஒவ்வொரு பெட்ரூம் கதவு, உள்பக்கம் 4 அடி சுவர்ல பாத்ரூம் கதவு, நாலாவது பக்கம் ஹாலப் பாத்து தெறந்திருக்கும், அங்க ஒரு தெரச்சீலை போட்டா போதும். ஹால்ல மூணு கதவு இருந்த எடத்துல ஒரே ஒரு வாசல்தான் இருக்கும். ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு இதுக்கு மேல பாசேஜ் வேண்டாம்ங்கறதுதான் என் முடிவு. ஒண்ணு கவனிங்க, மனையடி சாஸ்திரப்படி ராசியான அளவு பாத்து ரூம் உள்ளளவு 10, 11, 16 அடின்னு வெக்கறப்ப மிச்சம் வர்ற எடத்த பாசேஜ்னு எழுதிருவாங்க, அது நீங்க கேட்டு வந்த பாசேஜ் இல்லீங்க, மிச்சம் விழுந்த சந்து, அத அப்படியே விடாம திருப்பி வரையச் சொல்லுங்க.

அகலத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பிளான்ல 3 அடின்னு போட்டிருக்கறது செங்கல்லுக்குச் செங்கல், ரெண்டு பக்கமும் பூச்சு அரை அரை இஞ்ச் தின்னுரும். எங்க மாமாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு சக்கர நாற்காலில இருந்தப்பதான் இதெல்லாம் தெரிஞ்சுது, அப்ப நாங்க ரெண்டாவது வீட்டுக்கு வந்துட்டோம். நாற்காலி 26 இஞ்ச் அகலம், பாசேஜ்ல நேராப் போயிருச்சு, ரூமுக்குள்ள திருப்பறப்ப நெலவுல, அதான் கதவுச் சட்டத்துல, முட்டுது. 3 அடி நெலவுன்னா மரம் போக உள்ள ரெண்டரை அடிதான் நிக்கும், பாத்ரூமுக்கு ரெண்டரை அடி நெலவு வெச்சிருந்தோம், உள்ள ரெண்டே அடி, நாற்காலி போகவே போகல, தெனமும் நானும் வீட்டுக்காரரும் அவரக் கைத்தாங்கலாத்தான் கூட்டிட்டுப் போனோம். அதனால பாசேஜ் பூச்சு போக மூணரை அடி நிக்கோணும், பாத்ரூம் நெலவும் 3 அடி போடுங்க, மரத்துக்கு சேர்ற காசு கொஞ்சந்தான். பீரோ 3 அடி அகலம் ஒன்றரை அடி ஆழம், பாசேஜ்ல மூலை திரும்புச்சுன்னா அது போகுமான்னும் முன்னாடியே அளந்து பாத்துருங்க.

நம்மூருக்குன்னு ஒரு விசயம் இருக்குது, அது காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனிலயும் ஆடிலயும் மேக்கால இருந்து வர்ற காத்துலதான் பல்லடம், உடுமலைப் பக்கம் கரண்ட் எடுக்கற அத்தன காத்தாடியும் சுத்துது, அந்தக் காத்த வீட்டுக்குள்ள கொண்டு போக பாசேஜ் மாதிரி வழி கெடையாது. மேக்குப் பக்கம் முனைல ஒரு ஜன்னல், கெழக்கால முனைல அதே அளவுக்கு இன்னொரு ஜன்னலோ கதவோ வெச்சா நடுவுல இருக்கற ரூமுக்கெல்லாம் காத்து கெடைக்கும். ஒரு பக்கம் மட்டும் தொறந்து வெச்சா காத்து உள்ள வராது, போக வழி இல்லாம எப்படி வரும்? மேக்கு ஜன்னலுக்கு வலை அடிச்சிருங்க, இல்லீன்னா ஆடில புழுதி மொத்தமும் வீட்டுக்குள்ளதான். ரெண்டு முனையும் அடைச்ச பாசேஜ்னா பகல்லயே லைட் போடோணும், அப்படின்னா மேல கான்கிரீட்ல ஒரு அடிக்கு ஒரு அடி விட்டு கெட்டிக் கண்ணாடி போடுங்க, ஓட்டு வீட்டுல நடுவுல ஒரு கண்ணாடி ஓடு போட்டிருப்பாங்கல்ல, அதே வேலைதான்.

சோமனூர்ப் பக்கம் வீட்டோட ஒட்டி தறிக்கூடம் வெச்சிருக்கறவங்க இருக்காங்க, அவங்களுக்கு நான் யோசிக்காம பாசேஜ் விடுங்கன்னுதான் சொல்லுவேன், ரெண்டு பக்கமும் கதவு போட்டு. ஒரு கதவத் தொறக்கறப்ப இன்னொண்ணு சாத்தியிருந்தா தறிச் சத்தமும் பஞ்சும் படிக்கற புள்ளைங்க ரூமுக்கு அவ்வளவா வராது.

பாசேஜ் மேல 7 அடி உயரத்துல அட்டாலி, அதான் பரண், போட்டுருங்க, மேல கண்ணாடி வெச்சிருந்தா அந்த எடத்த மட்டும் விட்டுருங்க. நோம்பிக்கு எடுக்கற அண்டா குண்டா, பாய் தலகாணி எல்லாம் அங்க போயிரும், பெட்ரூம்ல தனியா அட்டாலி தேவைப்படாது.

நடைன்னா நடக்க மட்டுந்தான்னு இல்லீங்க, பழைய தொட்டிக்கட்டு வீட்டுல நடுவால தொறந்த முத்தம் இருக்கும், அதுதான் தொட்டி, அதச் சுத்தி ஒரு நடை இருக்கும், எங்க ஆத்தா வீட்டுல அங்கதான் மொளகா ஆயறது, புள்ளைங்களுக்குத் தல வாரறது, மத்தியானம் படுத்துத் தூங்கறது எல்லாம், நடக்கறதுக்கு மட்டும்னு அதுல ஒரு அடி கூட கெடையாது.

20க்கு 40 மனைல சின்ன வீடு, ஒரே பெட்ரூம், வாடகைக்கு விடற போர்ஷன், இதுக்கெல்லாம் பாசேஜ் வேண்டாமுங்க. பதிலுக்கு கதவெல்லாம் ஹால்ல ஒரே சுவர்ப் பக்கமா வர்ற மாதிரி வெச்சு அந்தச் சுவர ஒட்டி 3 அடி நடக்க விட்டுருங்க, சாமானெல்லாம் எதுத்தாப்புல. கதவு ஒண்ணு இந்த மூலைலயும் இன்னொண்ணு அந்த மூலைலயும் இருந்தா ஹால் மொத்தமும் நடைபாதைதான். பாத்ரூம் கதவ மட்டும் வாசல்ல நின்னா தெரியாத மாதிரி திருப்பி வெய்யுங்க.

கடைசியா, அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி சுண்ணாம்புக் கோடு போடுவாங்கல்ல, அன்னைக்கு மேஸ்திரிகிட்ட அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கங்க. நாங்க ரெண்டாவது வீட்டுக்கு அப்படித்தான் பண்ணுனோம், பாப்பாவக் கூட்டிட்டுப் போயி பாத்ரூம் கோட்டுக்குள்ள நிக்க வெச்சு, நான் ஹால்ல சோபா வர்ற எடத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துகிட்டேன். அவ பாத்ரூம்ல இருந்து ரூமுக்கு நடந்தா. ரூம் கதவு கொஞ்சம் முன்னாடி இருந்ததுல ரெண்டு எட்டு எனக்குத் தெரிஞ்சா, மேஸ்திரிகிட்டச் சொல்லி கதவ ஒன்றரை அடி உள்ள தள்ளுனோம், மறுபடி நடந்தா, தெரியல.