பிடித்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் உலகை கார்டு கேம் ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வார இறுதியில் போர்டு கேம் ஆடும் கூட்டம் பெருகிவிட்டது. இந்திரா நகர் கஃபேக்களிலும் ஆடுகிறார்கள், அல்சூர் வீடுகளின் மொட்டை மாடியிலும் ஆடுகிறார்கள். ஆட வந்தவர்களில் சிலர் சீக்கிரமே சொந்தமாக ஒரு கேம் செய்ய உட்காருகிறார்கள். அப்போது முதலில் மனசுக்கு வருவது, சின்ன வயசிலிருந்து கூடவே வரும் ஒரு விண்வெளிக் கதை: ஸ்டார் வார்ஸ், ஸ்டார் ட்ரெக், டியூன். நல்ல ஆசைதான். ஒரு கதை உலகத்தை உண்மையாக நேசிப்பவர் செய்த கேமை ஆடும்போது அந்த நேசம் கைக்குத் தெரியும். ஆனால் அந்த நேசத்தாலேயே வரும் தவறுகள் சில உண்டு.

கேரக்டர்களில் இருந்து தொடங்குவது

எல்லாரும் செய்வது இது. முதல் நாளே எக்ஸெல் ஷீட் திறந்து, கதாபாத்திரங்களின் பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் தாக்குதல் இவ்வளவு, தற்காப்பு இவ்வளவு என்று எண் கொடுத்துவிடுவார்கள். நூறு சீட்டு தயார். ஆடிப் பார்த்தால், பெரிய எண் சின்ன எண்ணை வெல்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு கிரிக்கெட் வீரர்களின் பெயரைப் போட்டாலும் கேம் அப்படியேதான் இருக்கும்.

அந்தக் கதை உங்களை எதனால் பிடித்து வைத்திருக்கிறது என்பதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரியில் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். 'சந்தேகப்படுகிறோம்', 'ஒளிந்துகொள்கிறோம்', 'பேரம் பேசுகிறோம்' என்பது மாதிரி. ஆடுபவர் கையால் செய்யப்போவது அந்த வினை.

2008-ல் ஒரு டிவி தொடரை வைத்து வந்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகா கேமைப் பாருங்கள். அந்தத் தொடரின் உயிரே, நம்மில் யார் எதிரி என்று தெரியாததுதான். கேமை வடிவமைத்த கோரி கோனியெட்ஸ்கா அதைச் சீட்டில் எப்படிக் கொண்டுவந்தார்? ஒரு நெருக்கடி வருகிறது. அதைச் சமாளிக்க ஆளாளுக்குச் சீட்டுகளைக் கவிழ்த்துப் போடுகிறார்கள். பொதுக்கட்டிலிருந்தும் இரண்டு சீட்டு அதில் சேர்கிறது. எல்லாவற்றையும் கலைத்துத்தான் திறக்கிறார்கள். அந்த நெருக்கடிக்குப் பொருந்தும் நிறச் சீட்டுகளின் எண் கூட்டப்படும், மற்ற நிறத்தவை கழிக்கப்படும். ஒரு கெட்ட சீட்டு வெளியே வந்தால், போட்டது ஒரு துரோகியா, இல்லை பொதுக்கட்டிலிருந்து தற்செயலாக வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நொடியில் மேசையைச் சுற்றி எல்லார் முகத்தையும் எல்லாரும் பார்ப்பார்கள். அந்த இரண்டு தற்செயல் சீட்டுகள் இல்லாவிட்டால் துரோகி முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்வார். தொடரை ஒரு எபிசோடு கூடப் பார்க்காதவருக்கும் அந்தப் பயம் புரியும்.

இன்னொரு உதாரணம், டிசைஃபர் நிறுவனம் 1995-ல் கொண்டுவந்த ஸ்டார் வார்ஸ் கார்டு கேம். அதில் உங்கள் 60 சீட்டுக் கட்டுதான் உங்கள் உயிர். அதுவேதான் உங்கள் சக்தியும். கட்டிலிருந்து சீட்டுகளை எடுத்து ஒரு குவியலில் வைத்தால் சக்தி திரளும். செலவழித்தால் அவை வேறு குவியலுக்குப் போய், பிறகு கட்டின் அடிக்குத் திரும்பி வரும். சண்டையில் இழந்தவை மட்டும் திரும்பாது. எல்லா உயிரிலும் ஓடிக்கொண்டிருக்கும் சக்தி என்று படத்தில் வசனமாகச் சொன்னதை, கையில் சீட்டு சுற்றிவரும் விதத்திலேயே காட்டிவிட்டார்கள். கார்டு கேம் செய்ய நினைப்பவர்கள் ஒருமுறையாவது பிரித்துப் பார்க்க வேண்டிய இயந்திரம் அது என்பேன்.

நாயகனை அதிர்ஷ்டத்திடம் விடுவது

ரசிகர் உட்காருவதே தனக்குப் பிடித்த நாயகனை ஆடத்தான். 60 சீட்டில் அவர் ஒருவராக இருந்தால், ஐந்து சீட்டு எடுக்கும் முதல் கையில் அவர் வருவதற்கான வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. மூன்று பிரதி வைத்தாலும் சுமார் 23 சதவீதம்தான். பாதி ஆட்டம் வரை நாயகன் வரவில்லை, கடைசியில் வந்தபோது தோற்றாயிற்று என்றால் யாருக்கும் மனசு ஆறாது. அதைச் சரிசெய்யப் பலர் நாயகனின் எண்களை ஏற்றிவிடுவார்கள். அது இன்னும் மோசம். முதலில் அந்தச் சீட்டை உருவியவர் ஜெயிக்கிறார் என்று ஆகிவிடும்.

2024-ல் வந்த ஸ்டார் வார்ஸ் அன்லிமிடெட் இதை அழகாகத் தீர்த்தது. தலைவர் சீட்டு ஆட்டம் தொடங்கும்போதே மேசையில் இருக்கிறது. முதல் சில சுற்றுகளில் அவர் பின்னால் நின்று உதவி செய்வார். போதுமான வளம் (சீட்டுகளை இறக்கத் தேவையான செலவுப்பணம் மாதிரி) சேர்ந்ததும் களத்துக்கு வருவார். அடிபட்டு வீழ்ந்தால் ஆட்டத்தை விட்டுப் போகாமல் தன் இடத்துக்குத் திரும்புவார். கையில் இருக்கும் எந்தச் சீட்டையும் கவிழ்த்து வைத்து வளமாக ஆக்கலாம் என்பதால், நல்ல சீட்டு கையில் இருந்தும் இறக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் கொடுமையும் குறைகிறது.

படத்தை அப்படியே ஆட வைப்பது

கதையின் வரிசை மாறக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தால், ஆடுபவருக்கு முடிவெடுக்க ஒன்றும் மிஞ்சாது. வரிசையே வேண்டாம் என்று எல்லாச் சம்பவங்களையும் ஒன்றாகக் கலைத்தால், இறுதிப் போர் முதல் சுற்றிலேயே வந்து நிற்கும். ஏலியன் படங்களை வைத்து 2014-ல் வந்த லெஜண்டரி என்கவுண்டர்ஸ் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தது. கதையை மூன்று கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சீட்டுகளைத் தனியாகக் கலைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குகிறது. கதை எந்தத் திசையில் போகிறது என்று தெரியும், அடுத்த சீட்டு என்ன என்று தெரியாது. திகில் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சீட்டில் எழுத்தைத் திணிப்பது

தமிழில் செய்பவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வழக்கமான சீட்டு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். பாதியை ஓவியம் எடுத்துக்கொள்ளும். படிக்கும் அளவில் தமிழ் எழுத்தைப் போட்டால் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொல்தான் அடங்கும். ஒரு வரைவுச் சீட்டில் இப்படி இருந்தது:

"உங்கள் முறையில் இந்தச் சீட்டை நீங்கள் இறக்கும்போது, உங்களுக்குச் சொந்தமான, ஏற்கெனவே சேதமடைந்திருக்கும் கப்பல்களில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் வைக்கப்பட்டிருக்கும் சேத டோக்கன்களில் இரண்டு வரை அகற்றிக்கொள்ளலாம்."

இது போதும்: "இறக்கியதும்: உங்கள் கப்பல் ஒன்றில் 2 சேதம் நீக்கவும்." ஒரு டோக்கன்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது, சேதமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் ரூல் புத்தகத்தில் ஒரே இடத்தில், எல்லாச் சீட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும். ஒரே செயலுக்கு ஒரே சொல். ஒரு சீட்டில் 'நீக்கு', இன்னொன்றில் 'அகற்று' என்று இருந்தால், இரண்டும் வேறு வேறா என்று மேசையில் சண்டை வரும். வந்தே தீரும்.

எழுத்துக்குப் பதில் குறியீடு போடலாம்தான், அதற்கும் அளவு உண்டு. ரேஸ் ஃபார் தி கேலக்ஸி (2007) அருமையான கேம். ஆனால் அதன் குறியீடுகளைப் படித்துப் பழகவே புதியவருக்குச் சில ஆட்டங்கள் ஆகும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் உங்கள் மேசையிலும் இருக்கலாம், கூடவே ஒரு வடிவமும் கொடுங்கள்.

ரசிகர்களை மட்டும் வைத்துச் சோதிப்பது

ரசிகர் நண்பர்கள் உங்கள் கேமில் உள்ள ஓட்டைகளைத் தங்கள் ஞாபகத்தால் நிரப்பிவிடுவார்கள். "இவர் பைலட்தானே, அப்போ கப்பலில் ஏறலாம்" என்று சீட்டில் இல்லாததைத் தாங்களாகவே செய்வார்கள். நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். பெங்களூரில் இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது: ஒரே அப்பார்ட்மென்ட்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி பேசுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தையே பார்க்காத பக்கத்து வீட்டு அண்ணன், ரம்மியில் கில்லாடியான அத்தை, இப்படி நால்வரை உட்கார வையுங்கள். ரூல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் எந்த இடத்தில் புத்தகத்தைத் திரும்பப் புரட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தை நாயகனின் பெயரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டே ரசித்து ஆடினால் கேம் தேறிவிட்டது என்று அர்த்தம்.

சீக்கிரமே அச்சடிப்பது

பெங்களூர் சுல்தான்பேட்டை அச்சகத்துக்குப் போவதற்கு அவசரமே இல்லை. சாதாரணத் தாளில் பேனாவால் எழுதி, பழைய சீட்டுக்கட்டோடு சேர்த்து ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) செருகி ஆடுங்கள். விதி மாறினால் தாளை மட்டும் மாற்றினால் போதும். அச்சுக்குப் போகும்போது நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக ஓவியம் நீட்டிக் கொடுங்கள், வெட்டும் கத்தி கொஞ்சம் நகரத்தான் செய்யும். சாதா ஆர்ட் கார்டில் அடித்தால் விளக்கு வெளிச்சத்தில் சீட்டின் முன்பக்கம் பின்னாலிருந்து தெரியக்கூடும். நடுவில் கருப்பு அடுக்கு உள்ள அட்டை கிடைக்குமா என்று கேளுங்கள்.

உரிமையைக் கடைசியில் யோசிப்பது

வீட்டில் நண்பர்களோடு ஆடுவது வரை யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. விற்கத் தொடங்கும்போது, கூட்ட நிதி திரட்டும்போது, ஏன், இணையத்தில் இலவசமாக வைக்கும்போதும் கதை மாறும். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே சொல்லிவிட்டது. அதனால் சீட்டு ஆடும் முறையை பதிப்புரிமையைச் சொல்லி யாரும் தடுக்க முடியாது. கதாபாத்திரம், ஓவியம், வசனம், லோகோ இவை வேறு. பெயருக்கு 1999 வர்த்தகக் குறிச் சட்டமும் காவல் நிற்கிறது.

லைசென்ஸ் கிடைத்தாலும் அது நிரந்தரம் இல்லை. டிசைஃபரின் ஸ்டார் வார்ஸ் உரிமை 2001 இறுதியோடு போய்விட்டது. ஆடுபவர்கள் குழுவாகச் சேர்ந்து இன்றுவரை அந்த கேமைப் பராமரிக்கிறார்கள். அதே நேரம் நெட்ரன்னரைப் பாருங்கள். 1996-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அந்தக் கார்டு கேமை சைபர்பங்க் என்ற, வேறொருவருக்குச் சொந்தமான கதை உலகத்தில் செய்தார். 2012-ல் ஃபேன்டஸி ஃப்ளைட் நிறுவனம் அதையே ஆண்ட்ராய்டு என்ற தன் சொந்தக் கற்பனை உலகத்துக்கு மாற்றியது. நிறுவனம் எதையோ மறைத்து வைக்கிறது, ஹேக்கர் துணிந்து உள்ளே நுழைகிறார் என்ற அந்த இழுபறி ஒரு துளியும் குறையவில்லை. 1979-ன் டியூன் கேமும் அப்படித்தான். பெயர் கிடைக்காததால் 2012-ல் ரெக்ஸ் என்று வேறு விண்மீன் மண்டலத்துக்குக் குடிபோனது, 2019-ல் சொந்தப் பெயரிலேயே மறுபடியும் வெளிவந்தது. ஆகவே பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு உங்கள் கேமை ஒருமுறை முழுசாக ஆடிப் பாருங்கள். அப்போதும் அது பிடித்திருந்தால், லைசென்ஸ் கேட்டுப் போகலாம், சொந்த உலகமும் கட்டலாம்.

நம் ஊர்க்காரர்கள் பலருக்கு ஜீனோவை வைத்து ஒரு கேம் செய்ய ஆசை. இதே பெங்களூரில் பி.இ.எல்.லில் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) வேலை பார்த்த எழுத்தாளர் சுஜாதாவின் இயந்திர நாய் அது, ஆசை வராமல் இருக்காது. ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு. சுஜாதா மறைந்தது 2008, எனவே 2068 முடியும்வரை அனுமதி கேட்டே ஆக வேண்டும். 1946-ல் மறைந்த எச்.ஜி. வெல்ஸின் கதைகள் இந்தியாவில் 2007 முதல் எல்லாருக்கும் பொது. செவ்வாய்க் கிரகத்தாரை இன்றைக்கே உங்கள் சீட்டில் இறக்கலாம். அந்தக் கதைகளின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து வரிகளை எடுத்தால் மட்டும் மொழிபெயர்ப்பாளரின் உரிமை குறுக்கே வரும். படமாக வந்தவற்றின் காட்சிகளும் அப்படியே.

உங்களுக்கு ஓவியம் வரைந்து தரும் நண்பரிடமும் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள், அவருக்குச் சேர வேண்டியதையும் அதிலேயே குறியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரிலோ கொழும்பிலோ விற்கும் எண்ணம் இருந்தால் அந்த இடங்களையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள்.