வாத்து எச்சத்தில் என்ன முளைக்கும்? வீட்டிலேயே செய்து பார்க்கும் முறை

புதிதாக வெட்டிய குட்டையில் யாரும் எதையும் நடுவதில்லை. ஆனாலும் இரண்டு மூன்று மழைக்காலம் போனால் ஓரத்தில் கோரை நிற்கும், நடுவில் ஏதாவது நீர்ப்பூண்டு பரவியிருக்கும். வெள்ளமும் காற்றும் கொஞ்சம் விதையைக் கொண்டுவரும், சரி. எந்த வாய்க்காலும் வந்து சேராத குட்டையிலும் இது நடக்கிறதே? அங்கே பெரும்பங்கு நீர்ப்பறவைகளுடையது.

குளம் வற்றினால் பறவை பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் அங்கேயே கிடக்கும் என்று சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். பறந்துபோகும் பறவையின் வயிற்றில் அந்தக் குளத்துச் செடிகளின் விதையும் சேர்ந்தே போகிறது. இதை நம் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். பொறுமையும் ஒழுங்காகக் குறித்து வைக்கும் பழக்கமும் போதும்.

விதை எப்படித் தப்பிக்கிறது

வாத்துக்குப் பல் கிடையாது. விழுங்கிய சிறு கற்களோடு சேர்த்து இரையை அரைக்கிற தசைப்பை ஒன்று உண்டு. பெரிய, மெல்லிய தோலுள்ள விதைகள் அதில் நொறுங்கிவிடும். சிறிய, கடினமான விதைகளில் ஒரு பகுதி முழுசாக வெளியே வந்துவிடும். கோரை வகைகளின் விதைகள் பல ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதனால் அவை தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

சதைப்பற்றுள்ள பழம் இருந்தால்தான் பறவை விதையை விழுங்கிப் பரப்பும் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஸ்பெயினில் டொன்யானா உயிரியல் நிலையத்தில் ஆண்டி கிரீன் குழுவினர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. பழமே இல்லாத, நாம் 'களை' என்று ஒதுக்குகிற எத்தனையோ செடிகள் வாத்தின் குடல் வழியாகப் பயணம் செய்கின்றன.

எவ்வளவு தூரம்? பெரும்பாலான விதைகள் ஒரு நாளுக்குள் வெளியே வந்துவிடும். பகலில் ஏரியில் ஓய்வெடுத்து இரவில் வயலுக்கு மேயப் போகும் வாத்து, அந்த ஏரிக்கும் வயலுக்கும் பக்கத்து ஏரிகளுக்கும் இடையில்தான் அதிகம் விதைக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தைப் பாருங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி என்ற இரண்டு பறவைகள் சரணாலயங்களும் அருகருகே இருக்கின்றன. இரண்டும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. சுற்றிலும் எத்தனையோ சாதாரண ஊர் ஏரிகள். பறவைக்கு இதெல்லாம் சேர்ந்துதான் ஒரே வீடு.

முதல் படி: இடமும் பறவையும்

சரணாலயத்துக்குள் எதையும் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். ஊர் ஏரி, கண்மாய், நெல் வயல் இவையே நமக்குப் போதும். கூடு கட்டியிருக்கும் மரத்தடிக்கும் போக வேண்டாம்.

கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன் தின்பவை. அவற்றின் எச்சம் வெள்ளையாக நீர்த்துப்போய் இருக்கும், அதில் விதை தேடுவது வீண் வேலை. நமக்கு வேண்டியது புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச்சிறகி, நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி போன்றவை. வாத்து எச்சம் பச்சையும் பழுப்புமாக உருண்டு நீண்டிருக்கும், ஒரு முனையில் வெள்ளைப் பூச்சு தெரியும்.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இன்னும் எளிது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் இரவில் பட்டி போட்டிருப்பார்கள். "அண்ணே, ஓரமா ஒரு தார்ப்பாய் விரிச்சு வச்சிட்டு, காலைல எச்சம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பறவை போட்டது என்ற சந்தேகமே இல்லை, மண்ணும் ஒட்டாது. இதில் கை பழகிய பிறகு காட்டுப் பறவைகளிடம் போகலாம்.

இரண்டாம் படி: சேகரிப்பு

கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பறவை எச்சத்தில் நோய்க்கிருமிகள் இருக்கும். ஏரியில் செத்த பறவைகள் கிடந்தால் அங்கே எதையும் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பாறை, சிமெண்டுக் கரை, மதகுத் திண்ணை போன்ற வெறும் தரையில் கிடக்கும் ஈரமான, உடையாத எச்சத்தை மட்டும் எடுங்கள். ஈர மண்ணில் கிடந்தால் மேல்பாதியை மட்டும் எடுக்க வேண்டும். அடிப்பகுதியில் ஒட்டும் மண்ணிலேயே விதைகள் இருக்கும், அப்புறம் முளைத்தது பறவை கொண்டுவந்ததா, தரையில் கிடந்ததா என்று சொல்லவே முடியாது. ஒரு எச்சத்துக்கு ஒரு காகித உறை. தேதி, இடம், பறவை மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். இருபது முப்பதாவது சேருங்கள். பலவற்றில் ஒரு விதைகூட இருக்காது, அது இயல்புதான்.

மூன்றாம் படி: அலசுதல்

ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். இளகியதும் மேலே டீ வடிகட்டி, அதன் கீழே மெல்லிய பழைய வேட்டித் துணி என்று இரண்டடுக்கில் ஊற்றுங்கள். வடிகட்டியில் புல் துணுக்கும் பெரிய விதையும் நிற்கும். நம் ஆட்கள் பெரும்பாலும் துணியில்தான் இருப்பார்கள். இதற்குப் பயன்படுத்திய வடிகட்டியைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு கைலென்ஸ் இருந்தால் இங்கே கொஞ்ச நேரம் செலவிடுங்கள். துணியை வெயில் பக்கம் சாய்த்தால் பழுப்பு நிறத்தில் பளபளப்பாகச் சில புள்ளிகள் தெரியும். ஊசி முனையால் தள்ளிப் பாருங்கள். மணல் துகள் கரகரவென்று உருளும். கோரை விதையில் ஒரு பக்கம் தட்டை, இன்னொரு பக்கம் முகடு, அல்லது மூன்று விளிம்புகள் தெரியும். ஓர் இரவு முன்பு இது ஏதோ வயல் வரப்பில் இருந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

நான்காம் படி: முளைக்க வைத்தல்

இதில் அவசரப்படவே கூடாது. முதலில் மண். ஆற்று மணலில் கொஞ்சம் தோட்ட மண் கலந்து, பழைய இட்லிப் பானையில் அரை மணி நேரம் நன்றாக ஆவியில் வேகவையுங்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் களை விதைகள் செத்துப்போகும். ஆறியதும் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள்.

துணியில் நின்றதை மண்ணின் மேலேயே தூவுங்கள், புதைக்காதீர்கள். ஈரநிலச் செடிகளின் சிறு விதைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். பாதித் தட்டுகளை வெறும் ஈரமாக வையுங்கள், மீதியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்துங்கள். கரையோரச் செடி முதலாவதிலும், நீருக்குள் வாழும் செடி இரண்டாவதிலும் வரும். ஏரித் தண்ணீர் ஊற்றக் கூடாது, அதிலேயே விதை இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீர் நல்லது.

அப்புறம் மிக முக்கியமானது ஒப்பீட்டுத் தட்டு. எச்சம் எதுவும் சேர்க்காமல், அதே மண், அதே தண்ணீர், அதே இடம் என்று இரண்டு தட்டுகளாவது வையுங்கள். அதில் ஒரு செடி முளைத்தால் மற்றத் தட்டுகளில் வரும் அதே செடியைக் கணக்கில் சேர்க்க முடியாது. இது இல்லாமல் செய்த சோதனையை நான் நம்ப மாட்டேன். எல்லாத் தட்டுகளையும் கொசுவலையால் மூடி, பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் படும் இடத்தில் வையுங்கள்.

சில ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும், சில இரண்டு மூன்று மாதம் எடுக்கும். நீர் நிறுத்திய தட்டில் துள்ளித் துள்ளி நீந்தும் பொடி உயிர்கள் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அவை நீர்த்தெள்ளுகள். நல்ல காலம் வரும்வரை பொரியாமல் காத்திருக்கும் அவற்றின் ஓய்வு முட்டைகளும் பறவையின் குடலைத் தாண்டிப் பிழைக்கும்.

ஐந்தாம் படி: பெயர் கண்டுபிடித்தல்

நாற்றாக இருக்கும்போது கோரையும் புல்லும் ஒன்றுபோலத் தெரியும். வளர்ந்ததும் தண்டை இரு விரலுக்கு இடையில் உருட்டுங்கள். முக்கோணமாக உறுத்தினால் பெரும்பாலும் கோரை. கணுக்களில் முள் இருந்தால் நீர்முள்ளி. மற்றவற்றைப் பூக்கும்வரை விட்டு, படமெடுத்து, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

நீர்முள்ளி என்றதும் ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் அதன் விதை கிடைக்கும். நாலைந்தைத் தண்ணீரில் போட்டால் சுற்றிலும் வழவழப்பாகப் பசை ஊறும். அந்தப் பசையோடு இறகிலும் காலிலும் ஒட்டிப் போவது இன்னொரு பயண வழி.

ஆறாம் படி: சேற்றையும் கேட்டுப் பாருங்கள்

சார்லஸ் டார்வின் ஒரு சிறு குட்டையின் ஓரத்தில், நீருக்கடியில், மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டி சேறு எடுத்தார். காய்ந்தபோது சுமார் 190 கிராம். ஆறு மாதம் மூடி வைத்து, முளைக்க முளைக்கப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள். 1859இல் இதை எழுதியபோதே, பறவைக் காலில் ஒட்டும் சேறு எவ்வளவு விதையைக் கொண்டுபோகும் என்பதுதான் அவர் வாதம்.

நீங்களும் கோடையில் ஏரியின் பல இடங்களில் மேல் ஐந்து சென்டிமீட்டர் சேற்றை எடுத்து, வேகவைத்த மண் மேல் மெல்லிசாகப் பரப்பி, அதே முறையில் ஈரம் காத்துப் பாருங்கள்.

ஏரியை மீட்க நினைக்கும் ஊர்க்குழுக்கள் நாற்றுக்குப் பணம் திரட்டும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. சேற்றிலும் எச்சத்திலும் நாட்டுச் செடிகள் முளைக்கின்றன என்றால், செடி வாங்கத் தேவையில்லை. அவை வளர இடம் கொடுத்தால் போதும். அந்த இடம் உள்வாய், அதாவது ஏரிக்கரைக்கு எதிர்ப்புறம் நீர் வந்து சேரும் ஆழமற்ற பகுதி. வாத்துகள் தலையைக் கவிழ்த்து மேய்வதற்கு நீரின் ஆழம் ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டிக் கரையைச் செங்குத்தாக்கினால் கோரைக்கும் இடமில்லை, வாத்துக்கும் தீனியில்லை. நீர்ப்பூண்டுகள் வண்டலைப் பிடித்துவைத்துத் தண்ணீரைத் தெளிவாக வைக்கும். அவை போனால் சேறு கலங்கி, பாசி பெருகி, வெளிச்சம் அடிக்கு எட்டாது, பூண்டும் திரும்பாது. கழிவுநீர் வந்துகொண்டே இருந்தால் நிலைமை இன்னும் மோசம், அதை நிறுத்தாமல் வேறு எதுவும் பலிக்காது.

தூர்வாரும்போது மேல்மண் முழுவதையும் வண்டலாக வயலுக்கு அனுப்பிவிடாமல், உள்வாய்ப் பக்கத்து மேல் அடுக்கில் ஒரு பங்கைத் தனியாகக் குவித்துவைத்து, வேலை முடிந்ததும் சரிவில் திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். சோதனைத் தட்டில் ஆகாயத்தாமரையோ வேறு அயல் களையோ அதிகம் வந்த இடத்து மண்ணை மட்டும் தவிர்த்துவிடலாம். ஒரு ஏரிச் சேற்றை இன்னொரு ஏரியில் கொட்டவே கூடாது. உங்கள் தட்டுகளில் மிஞ்சும் மண்ணின் மேலும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, ஆறிய பின் தோட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.