டீசல் பேக்கி: பாட்டிலுக்குக் கொடுக்கும் காசை ஃபில்டருக்குக் கொடுங்கள்

டர்பனில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த பாட்டில்கள் வரிசையாக நிற்கும். இன்ஜெக்டர் கிளீனர், சீட்டேன் பூஸ்டர் (டீசல் சட்டென்று பற்றிக்கொள்ள உதவுவது), டீசல் டிரீட்மென்ட் என்று பெயர்தான் வேறு வேறு. பேக்கி (இங்கே பிக்அப் வண்டிக்குப் பெயர்) மேட்டில் இழுக்கவில்லை, புகை கக்குகிறது என்றால் நம் ஆட்கள் முதலில் கை வைப்பது அதில்தான். "அண்ணா, ஒரு பாட்டில் ஊத்தினா சரியாயிடும்ல?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: டீசல் எஞ்சினின் எரிபொருள் பக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் அழுக்கும். இரண்டையும் டேங்கிலிருந்து வெளியே எடுக்கிற பாட்டில் எதுவும் கிடையாது.

பழைய ஐசுஸு கே.பி., பழைய 2.8 ஹைலக்ஸ் எல்லாம் எதை ஊற்றினாலும் குடித்துவிட்டு ஓடும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கைவைத்தியம் முக்கால்வாசி அந்தக் காலத்து வண்டிகளுக்கானது. இன்றைய ஹைலக்ஸ் ஜி.டி-6, ரேஞ்சர், டி-மேக்ஸ் எல்லாமே காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை. டயரில் நாம் அடிக்கும் காற்று 2.2 பார், 2.5 பார், இவற்றின் இன்ஜெக்டருக்குள் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) டீசல் போகும் அழுத்தம் 2,000 பார் அளவு. உள்ளே நகரும் பாகங்களுக்கு இடையே இருப்பது சில மைக்ரான் இடைவெளிதான். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக ஆயில் கிடையாது, ஓடுகிற டீசலே வழுக்க வைக்கிறது. அந்த இடத்துக்குத் தண்ணீர் போனால் வழுவழுப்பு போய் இரும்பும் இரும்பும் உரசும். வண்டி சும்மா நின்றால் துருப்பிடிக்கும். சூடான நுனிக்கு வந்த துளி சட்டென்று ஆவியாகி நுனியையே அரிக்கும். டேங்கை வறட்டிவிட்டு ஓட்டுவது தவறு என்பதும் இதனால்தான். டீசலுக்குப் பதில் காற்றை இழுத்தால் பம்ப் காய்ந்து ஓடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், நம் கடற்கரைக் காற்றே போதும். தைப்பூசக் காவடி சமயத்துப் புழுக்கத்தை நினைத்துப் பாருங்கள். பாதி டேங்கோடு இரவில் வெளியே நிற்கும் வண்டியில், மீதிப் பாதியை நிரப்பியிருப்பது அந்த ஈரக்காற்றுதான். விடியற்காலைக் குளிரில் அது டேங்கின் சுவரில் நீராகப் படிந்து கீழே இறங்கும். காலையில் டீசல் போடுவதைவிட மாலையில் போட்டு நிறுத்துவது நல்லது. டொங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்டங்களில் டிரம்மில் வைத்து எடுக்கிறவர்களும், லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) காலத்தில் ஜெனரேட்டருக்கு வாங்கி மிச்சம் வைத்த டீசலை வண்டியில் ஊற்றுகிறவர்களும் அடிமட்டத்தில் கிடப்பதைச் சேர்த்துத்தான் ஊற்றுகிறார்கள். அந்த நீருக்கும் டீசலுக்கும் நடுவில் கிருமி வளரும். ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாக, கொழகொழவென்று சளிபோல வரும். கிருமிக்கொல்லி மருந்து உண்டு, வேலையும் செய்யும். ஆனால் செத்த கிருமி அப்படியே போய் ஃபில்டரை அடைக்கும் என்பதால் டேங்கைக் கழுவாமல் மருந்து மட்டும் ஊற்றிப் பயனில்லை.

ஆகவே மிகப் பெரிய தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், டேஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டுவதைச் சொல்வேன். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். மேட்டில் எரிந்து சமதரையில் அணைந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று எண்ணக்கூடாது. உள்ளே தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எஞ்சினைப் போடும் முன், ஃபில்டர் அடியில் உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தி, காலி ஜாம் பாட்டிலில் ஒரு டம்ளர் அளவு பிடியுங்கள். பத்து நிமிஷம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், நடுவில் கோடு போட்டதுபோலத் தெரியும். துருத் துகளும் மண்ணும் அதற்கும் கீழே. முழுதுமே மோர்போலக் கலங்கி இருந்தால் தண்ணீர் டீசலோடு கரைந்து கலந்திருக்கிறது. அப்போது டேங்கையே இறக்க வேண்டியிருக்கும். பிடித்து முடித்ததும் திருகை இறுக்கி, கைப்பம்ப் உள்ள வண்டியில் அது கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை செய்ய நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தண்ணீருக்கென்று விற்கும் பாட்டில்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணீரைப் பிரித்து அடியில் இறங்க விடும், அது பரவாயில்லை. மற்றது தண்ணீரை டீசலோடு கரைத்து எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும். காமன் ரெயில் வண்டிக்கு இரண்டாவது வகை வேண்டவே வேண்டாம். லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். கிளீனர் வகை, நுனியில் படிந்த கரியை மெல்ல மெல்லக் கரைக்கும், பொய்யில்லை. தேய்ந்துபோன இன்ஜெக்டரை அது திருப்பித் தராது. சீட்டேன் பூஸ்டரால் காலையில் ஸ்டார்ட் கொஞ்சம் லேசாகலாம். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றும் பழக்கம் தனிக் கதை. 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 50 பங்கு கந்தகம்) டீசலில் கந்தகம் குறைவு, அதனால் வழுவழுப்பும் குறைவு, ஆகவே ஆயில் சேர்க்கவேண்டும் என்பார்கள். கந்தகத்தை நீக்கும்போது வழுவழுப்பு தரும் பொருள்களும் போய்விடுவது உண்மைதான். அதை ஈடுகட்டத்தான் விற்பனைக்கு வரும் முன்பே அதற்கான மருந்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். நீங்கள் ஊற்றும் ஆயிலின் சாம்பல் டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் போய் அடைத்துக்கொள்ளும்.

500 பிபிஎம் டீசலா 50 பிபிஎம் டீசலா என்ற கேள்விக்கு வண்டிப் புத்தகமே பதில். டி.பி.எஃப். இருந்தால் 50 அல்லது அதற்கும் கீழே, வாதமே வேண்டாம். உள்நாட்டுச் சிறு ஊரில் வேறு வழியில்லாமல் ஒரு டேங்க் 500 போட்டால் உலகம் இடிந்துவிடாது. அதையே எப்போதும் போடுகிறீர்கள் என்றால் எஞ்சின் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். கந்தகம் அமிலமாகி ஆயிலைத்தான் முதலில் தின்னும்.

விலை விஷயத்தில் ஒன்று. இந்த நாட்டில் பெட்ரோலுக்கு அரசு விலை நிர்ணயம் உண்டு, டீசலின் சில்லறை விலைக்குக் கிடையாது. ஆகவே கராஜுக்குக் கராஜ் (இங்கே பெட்ரோல் பங்கைத்தான் கராஜ் என்போம்) விலை மாறுவதில் தவறில்லை. ஆனால் மற்ற எல்லா இடத்தையும்விட ரொம்பக் குறைந்தால் யோசியுங்கள். விளக்கெரிக்கும் பாராஃபினுக்கு எரிபொருள் வரி இல்லை. அதை டீசலில் கலந்தால் வரிப்பணம் விற்பவன் பையில். பாராஃபின் வறண்ட எண்ணெய், பம்பைத் தேய்க்கும். கலப்படத்தைப் பிடிக்கவென்றே பாராஃபினில் அடையாளப் பொருள் கலந்து விடுகிறார்கள். ஸ்லிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டி நின்றுபோனால் அந்தத் துண்டுச் சீட்டும், டேங்கிலிருந்து பிடித்து வைத்த ஒரு பாட்டில் டீசலும்தான் உங்கள் பக்கம் பேசும்.

குளிர்காலமான ஜூலை மாதம் என்-3 நெடுஞ்சாலையில் வான் ரீனென் கணவாய் ஏறுகிறவர்களில் சிலர், குளிரில் டீசல் மெழுகாக உறைந்து ஃபில்டரை அடைக்கும் என்று பயந்து தாங்களே பாராஃபின் கலக்கிறார்கள். பயம் நியாயம், வைத்தியம் தவறு. மேலே போய் அங்கேயே டேங்கை நிரப்புங்கள். உறையாமலிருக்க மருந்து போடுவதானாலும் உறைவதற்கு முன்பே போட்டால்தான் பலன்.

இங்கே பம்பில் ஊற்றுவது பணியாள். நாம் உள்ளே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்போம். இறங்கி நின்று "டீசல், 50" என்று சொல்லி, பம்பைக் கண்ணால் பாருங்கள். பெட்ரோல் குழாயின் மூக்கு டீசல் டேங்க் வாயில் சுலபமாக நுழையும். தப்பித்தவறி பெட்ரோல் விழுந்துவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். தள்ளி ஓரங்கட்டி டேங்கைக் காலி செய்யுங்கள். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும் கராஜில் டீசல் போடாமல் அடுத்ததற்குப் போங்கள், அடிமண் கலங்கியிருக்கும்.

ஃபில்டர் மாற்றும்போது மலிவுப் போலி வாங்காதீர்கள். புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் நல்ல தார்ச்சாலைக்கானது, கரும்புக்காட்டு மண்சாலையில் ஓடினால் அதற்கு முன்பே மாற்றுங்கள். புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பி மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். வடிகட்டாத அந்த டீசல் சுத்தமான பக்கத்தில் விழுந்து நேராக இன்ஜெக்டருக்குப் போகும்.

கடைசியில் இன்ஜெக்டர் வரைக்கும் வந்துவிட்டால், நாலையும் மாற்று என்று சொல்கிற மெக்கானிக்கிடம் முதலில் லீக்-ஆஃப் டெஸ்ட் (ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்று பார்க்கும் சோதனை) கேளுங்கள். ஒன்றுதான் கெட்டிருக்கலாம். புது இன்ஜெக்டரில் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வைத்து வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றினாரா என்றும் கேளுங்கள். அதை ஏற்றாத வண்டி மாற்றிய பிறகும் தட்டிக்கொண்டே இருக்கும்.