மெய்நிகர் கணினி திறக்க மறுத்தால் அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கடையிலோ ஏற்காட்டுக் காப்பித் தோட்ட அலுவலகத்திலோ, பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளைக் கைவிட முடியாதவர்கள், புதிய கணினிக்குள் விர்ச்சுவல்பாக்ஸையோ விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனையோ நிறுவி, அதில் ஒரு மெய்நிகர் கணினியை, அதாவது மென்பொருளாகவே இயங்கும் தனிக் கணினியை, அமைத்துக்கொள்வது உண்டு. அது ஒரு நாள் திறக்க மறுத்தால், நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்லும் அறிவுரைதான் முதலில் வந்து சேரும். பல ஆண்டுக் கணக்கு, அதன் வட்டாக விளங்கும் கோப்பான மெய்நிகர் வட்டுக்குள்ளேயே இருப்பதால், அந்த அறிவுரையை ஏற்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் உள்ளே ஓடும் விண்டோஸில் இருப்பதில்லை. அதைத் தாங்கி நிற்கும் வெளிக் கணினியில்தான் இருக்கும்.

எதிலும் கைவைப்பதற்கு முன், மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு அதன் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால், 4 ஜிபி அளவைத் தொடும் கோப்பு எதையும் அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏற்கும். மாற்றும்போது டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மெய்நிகர் கணினி தொடங்கவே இல்லை என்றால், அல்லது புதிதாக ஒன்றை அமைக்கும்போது பட்டியலில் 32-பிட் வகைகள் மட்டுமே தெரிந்தால், மெய்நிகர் கணினிகளை ஓட்டச் செயலியில் உள்ள மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயலிக்கான பக்கத்தைத் திறந்தால், அது இயங்குகிறதா இல்லையா என்பது அங்கேயே எழுதியிருக்கும். அணைந்திருந்தால், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் சென்று, இன்டெல் செயலியாயின் விடி-எக்ஸ் என்பதையும், ஏஎம்டி செயலியாயின் எஸ்விஎம் என்பதையும் இயக்க வேண்டும். நேற்றுவரை ஓடியது இன்று எப்படி அணைந்தது என்று கேட்கலாம். மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்துபோனாலோ பயாஸைப் புதுப்பித்தாலோ அமைப்புகள் தயாரிப்பாளர் வைத்த தொடக்க நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு. பழுது பார்த்துத் திரும்பி வந்த கணினியில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் செய்யும் மாற்றத்துக்குப் பிறகு அது மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வசதி இயங்குவதாக டாஸ்க் மேனேஜர் சொல்லியும் மெய்நிகர் கணினி ஆமை வேகத்தில் ஊர்ந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று ஐயுறலாம். விர்ச்சுவல்பாக்ஸ் தன் சாளரத்தின் அடிப்பட்டையில் பச்சை ஆமைப் படத்தையே காட்டி இதைச் சொல்லிவிடும். ஹைப்பர்-வி என்று எதையும் தாங்கள் நிறுவவில்லையே என்பார்கள். ஆனால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, ஐயத்துக்குரிய நிரல்களைத் தனித்து ஓட்டும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், கேடான நிரல் விண்டோஸின் மையத்துக்குள் நுழையாமல் காக்கும், பாதுகாப்புப் பகுதியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி ஆகிய எல்லாமே அதே அடித்தளத்தில்தான் நிற்கின்றன. விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றின் குறிகளை எடுத்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால் வேகம் திரும்பும். அப்போதும் திரும்பாவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் மெமரி இன்டெக்ரிட்டி. வங்கிப் பணப் பரிமாற்றம் நடக்கும் கணினியில் அதை அணைப்பதைவிட மெதுவான வேகத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

கோடை இடிமழையில் மின்சாரம் போய்வரும் மலைப்பகுதியில் தொல்லை வேறு வகையானது. மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிக் கணினி அணைந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் அதை இடையில் முறிந்ததாகக் குறிக்கும். பெரும்பாலும் மறுபடி தொடங்கி, உள்ளிருக்கும் விண்டோஸ் தன் வட்டைச் சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாலே போதும். விஎம்வேரில், கோப்பு வேறொருவர் பயன்பாட்டில் இருப்பதாகச் செய்தி வந்தால், அணைந்தபோது விட்டுப்போன பூட்டுக் கோப்புறைகளே காரணமாக இருக்கலாம். பெயரின் இறுதியில் எல்சிகே (.lck) என்ற மூன்று எழுத்துகள் கொண்ட அவற்றை, வேறெங்கும் அந்த மெய்நிகர் கணினி ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகு, வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். சேமித்து நிறுத்திய நிலையிலிருந்து மீளவில்லை என்றால் அந்த நிலையைக் கைவிடலாம். நினைவகத்தில் இருந்த சேமிக்காத வேலை மட்டுமே போகும், வட்டு போகாது.

ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று இடைநின்றால், வெளிக் கணினியின் வட்டு நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். தேவைக்கேற்ப வளரும் மெய்நிகர் வட்டு, உள்ளே கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்குவதில்லை. மெய்நிகர் கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டுகளும் இடத்தை விழுங்கும். இடம் வேண்டும் என்று ஸ்னாப்ஷாட் கோப்புகளைக் கோப்புறையிலிருந்து நேரடியாக அழித்துவிடாதீர்கள்; அவற்றைச் சார்ந்து நிற்கும் வட்டு பயனற்றுப் போகும். மென்பொருளின் வழியாகவே நீக்க வேண்டும். அப்போது அவற்றில் உள்ள மாற்றங்கள் வட்டோடு இணைக்கப்படும், அந்த வேலைக்கும் தற்காலிகமாக இடம் தேவைப்படும் என்பதால், முதலில் வேறு கோப்புகளை நகர்த்தி இடம் ஒதுக்குங்கள்.

இணையம் வருகிறது, ஆனால் பக்கத்து மேசைக் கணினியால் மெய்நிகர் கணினியை அணுக முடியவில்லை என்றால் அது கோளாறு அல்ல. வெளிக் கணினியின் இணைப்பையே பகிரும், விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான நாட் முறையில் அதற்கு 10.0.2.15 போன்ற உள்முகவரிதான் கிடைக்கும். அதை வலையமைப்பில் தனிக் கணினியாகவே சேர்க்கும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் மற்றக் கணினிகளுக்கும் தெரியும். சில வைஃபை அட்டைகளில் பிரிட்ஜ் ஒத்துழைக்காது, அங்கே கேபிளே வழி. உள்ளே ஓடுவது 2014-இல் ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பி என்றால், அதற்கு இணையமே தராமல் விடுவதுதான் நல்லது.

திரை சிறிதாக நிற்பதும், பகிர்ந்த கோப்புறை தெரியாததும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை உள்ளிருக்கும் விண்டோஸில் நிறுவினால் தீரும். விஎம்வேரில் அதன் பெயர் விஎம்வேர் டூல்ஸ்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால், விர்ச்சுவல்பாக்ஸ் மெய்நிகர் கணினியின் கோப்புறையில் லாக்ஸ் என்ற உட்கோப்புறையிலும், விஎம்வேர் மெய்நிகர் கணினியின் கோப்புறையிலேயும் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து, இறுதி வரிகளிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். பிறரிடம் உதவி கேட்கும்போது திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாமல், அந்தக் கோப்பை முழுமையாக அனுப்புங்கள். கோப்புப் பாதைகளில் உங்கள் பயனர் பெயர் இருக்கும், வேண்டாமென்றால் அதை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பலாம்.